மறுபக்கத்துப் பாட்டுகள்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும், முன்னே பின்னே. தொண்ணூறுகளில் கடையில் விற்ற சினிமாப் பாட்டு கேசட்டும் ஏறக்குறைய அதே ஒரு மணி நேரம்தான், பக்கத்துக்கு அரை மணி. பல கேசட்டுகளில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். முதல் பக்கத்தில் பெரிய நடிகரின் படம். கேசட் விலைபோனதே அதற்காகத்தான். மறுபக்கத்தில் புதுமுகம் நடித்த ஏதோ ஒரு படம், கம்பெனி அதன் உரிமையையும் வாங்கி வைத்திருந்ததால் ஒட்டிக்கொண்டு வந்தது. பஸ் வி.கைகாட்டிப் பக்கம் போகும்போது டெக்கில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். ஆட்டோ ரிவர்ஸ். டிரைவர் கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கவே வேண்டாம், நாடா தானாகத் திரும்பிக்கொள்ளும். மீதி வழி முழுக்க அந்த ஒட்டிக்கொண்டு வந்த படத்தின் பாட்டுதான்.

தொண்ணூறுகளின் தமிழ்ப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். 1992இல் ரோஜா, 1993இல் ஜென்டில்மேன், 1994இல் காதலன், 1995இல் பாட்ஷா, 1999இல் படையப்பா. அவை ஹிட் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எனக்குக் கேள்வி மறுபக்கத்தைப் பற்றித்தான். எந்தப் பட்டியலிலும் தலைக்கு வராத சில பாட்டுகள் இந்தப் பக்கத்து ஊர்களில் மட்டும் முப்பது வருடமாக உயிரோடு கிடப்பது எதனால்?

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் 'முதலிடம்' என்று ஒன்று இருந்ததா என்ன? அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்டிலிருந்து வாரம் தவறாமல் வருகிறது. பிரிட்டனில் 1952 நவம்பரிலேயே விற்பனைப் பட்டியல் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு பாட்டைத் தனித் தட்டாக விற்றார்கள், எத்தனை தட்டு போனது என்று எண்ணினார்கள், வரிசை போட்டார்கள். அப்படி எண்ணியும் கணக்கு தவறத்தான் செய்தது. 1995இல் ஒயாசிஸ் குழுவின் 'வொண்டர்வால்' பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடத்தில் இருந்தது இரண்டு தொலைக்காட்சி நடிகர்கள் சேர்ந்து பாடிய பழைய பாட்டின் மறுபதிப்பு. அதை இன்று யாராவது தேடிப் போட்டுக் கேட்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அமெரிக்காவிலோ இன்னும் வேடிக்கை. நோ டவுட் குழுவின் 'டோண்ட் ஸ்பீக்' வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது, ஆனால் ஹாட் 100 பட்டியலில் அதற்கு நூறாவது இடம்கூடக் கிடையாது. காரணம், கம்பெனி அதைத் தனித் தட்டாகக் கடையில் விற்கவில்லை. கடைக்கு வராத பாட்டு பட்டியலுக்கும் வராது என்பது அப்போதைய விதி. ஊரே பாடிய பாட்டு பட்டியலில் இல்லாத அபத்தம் முற்றிப் போய், 1998 டிசம்பரில்தான் அந்த விதியை மாற்றினார்கள்.

தமிழில் இந்தத் தகராறே எழவில்லை. இங்கே தனிப் பாட்டை யாரும் விற்கவில்லை, படத்தைத்தான் விற்றார்கள். 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்ற சொல் நம் பிள்ளைகளின் வாயில் புழங்க ஆரம்பித்தது 2011 நவம்பரில் தனுஷின் கொலவெறிப் பாட்டு தனியாக வெளிவந்து பரவிய பிறகு. இந்திக்காவது 1952இல் இலங்கை வானொலியிலிருந்து அமீன் சயானி நடத்தத் தொடங்கிய பினாகா கீத்மாலா இருந்தது. ஒரு பற்பசைக் கம்பெனியின் பெயரில் வாராவாரம் பாட்டுகள் படியேறின, படியிறங்கின. தமிழில் அப்படித் தலைமுறை தாண்டி நீடித்த ஏணி எதுவும் அமையவில்லை. படம் நூறு நாள் ஓடினால் பாட்டும் ஹிட். திருச்சி வானொலியின் நேயர் விருப்பத்தில் எத்தனை பேர் அஞ்சலட்டை எழுதினார்கள் என்பது ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனின் ஒளியும் ஒலியும் எதைக் காட்டியது என்பது இன்னொரு கணக்கு. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. பிறகு 'பெப்சி உங்கள் சாய்ஸ்' வந்து, போனில் கேட்டால் பாட்டு போட்டார்கள். போனில் கேட்கச் சென்னைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும், லைன் கிடைக்க வேண்டும், பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். செந்துறையிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் எத்தனை பேர் அந்தச் செலவு செய்து தங்கள் விருப்பத்தைச் சொல்லியிருப்பார்கள்?

கேசட் விற்பனைதான் நேர்மையான கணக்கு என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் இல்லை. ஒரிஜினல் கேசட் ஒன்று ஊருக்குள் நுழைந்தால் அதிலிருந்து எத்தனை நகல் பிறந்தது என்று எந்தக் கம்பெனிக்கும் தெரியாது.

வாக்கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி உலகின் சிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் கேட்டது. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. முதலிடம் ஓர் அயர்லாந்து தேசியப் பாட்டுக்கு. நான்காம் இடம், 1991இல் வந்த தளபதி படத்தில் எஸ்.பி.பி.யும் சுவர்ணலதாவும் பாடிய ஆட்டப் பாட்டுக்கு. ஐந்தாம் இடத்தில் திருமலை சந்திரன் பாடிய ஒரு பாட்டு இருந்தது. அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டில் கேட்டவர்களே குறைவு. புலம்பெயர்ந்த தமிழர்கள் திரண்டு வாக்களித்ததால்தான் அந்த இடம் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வாக்குப் பெட்டி யார் வீட்டு வாசலில் இருக்கிறதோ அவர் பாட்டு மேலே போகிறது.

நம் பக்கத்துக்கு அப்படி ஒரு பெட்டி இருந்ததில்லை. தொண்ணூறுகளில் அரியலூருக்கே தனி இடம் கிடையாதே. 1995 வரை திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். 2001இல் தனி மாவட்டம் என்றார்கள், 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் திரும்பவும் பிரித்தார்கள். சிமெண்ட்டுக்கும் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் பேர் போன ஊர், சினிமாக் கணக்கில் 'திருச்சி ஏரியா' என்ற ஒரு வரிக்குள் அடங்கிப்போனது. ஆக, இங்கே பாட்டைத் தேர்ந்தெடுத்தது நேயர் அல்ல. ஊருக்கு மூன்று நான்கு பேர். பஸ் டிரைவர், ரெக்கார்டிங் சென்டர்க்காரர், ரேடியோ செட்காரர், கொஞ்சம் டீக்கடைக்காரர். என் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்: காசு கொடுத்துத் தனக்காக ஒருவர் வாங்கும் பாட்டு வேறு, நாற்பது பேர் காதுக்காக ஒருவர் போடும் பாட்டு வேறு. பட்டியல்கள் எண்ணியது முதல் வகையை. ஊரில் தங்கியது இரண்டாம் வகை.

ரெக்கார்டிங் சென்டரில் இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு முழம் அகலக் கடை. சுவர் முழுக்க கேசட் முதுகுகள். வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வார். அறுபதோ தொண்ணூறோ, வெற்றுக் கேசட்டின் விலை தனி, பதிவுக் கூலி தனி. சீட்டில் எழுதியிருப்பது பன்னிரண்டு பாட்டு என்றால் பதிந்து முடித்தபின் நாடாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வெறுமனே விட்டால் வாடிக்கையாளர் திட்டுவார்; அரைப் பாட்டோடு நிறுத்தினால் அதைவிடத் திட்டுவார். ஆகவே கடைக்காரர் தன் கையிருப்பிலிருந்து அந்த நாலரை நிமிடத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவார். 'மிச்சத்துல நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுடுங்கண்ணே' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர் போடுவது பெரும்பாலும் ஒரே பத்துப் பதினைந்து பாட்டுகளில் ஒன்றாக இருக்கும், ஏனென்றால் அவற்றின் நீளம் அவருக்கு மனப்பாடம். நான் எழுதிக் கொடுத்த பாட்டுகளில் பாதி இன்று எனக்கு ஞாபகம் இல்லை. மிச்சத்தில் வந்த பாட்டு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. கேட்காமல் கிடைத்ததாலா, பக்கத்தின் கடைசியில் தினமும் காத்திருந்து கேட்டதாலா, சொல்லத் தெரியவில்லை.

இப்படி மிச்சத்திலும் மறுபக்கத்திலும் ஊருக்குள் வந்தவை யாருடைய பாட்டுகள்? இளையராஜாவையும் ரகுமானையும் எல்லோரும் எழுதிக் கேட்டார்கள். கேட்காமல் வந்தவை தேவா, சிற்பி, எஸ்.ஏ.ராஜ்குமார், சௌந்தர்யன், ஆதித்யன், வித்யாசாகர், மரகதமணி. இந்தப் பெயர்களை அக்காலத்து விமர்சகர்கள் குறைத்தே மதித்தார்கள். தேவாவின் மெட்டுகள் எங்கிருந்து வந்தவை என்று கண்டுபிடிப்பதே சிலருக்கு வேலையாக இருந்தது. எஸ்.ஏ.ராஜ்குமாரின் பின்னணிக் குழுவினர் 'லாலா' போடுவதைச் சிலர் மேடையில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கினார்கள். சௌந்தர்யனைப் பற்றி விமர்சகர்கள் பேசவே இல்லை. ஆனால் 1991இன் சேரன் பாண்டியனும் 1994இன் சிந்துநதிப் பூவும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் எந்த டிரைவரின் கேசட் பெட்டியும் முழுமையாகாது. தொண்ணூறுகளின் கடைசியில் மினி பஸ்கள் வந்து, பெரிய பஸ் நுழையாத ஊர்களுக்குள்ளும் இந்தப் பாட்டுகள் போய்ச் சேர்ந்தன. 'மினி பஸ் பாட்டு' என்று ஒரு வகையே உண்டாகிவிட்டது. இப்போது அதைக் கொஞ்சம் கேலியாகவும் கொஞ்சம் ஆசையாகவும் சொல்கிறார்கள். கேலி நகரத்திலிருந்து வருகிறது, ஆசையும் பெரும்பாலும் அதே ஆளிடமிருந்துதான் வருகிறது.

தோல்விப் படத்தின் நல்ல பாட்டுகள் எல்லாமே இப்படித் தப்பிப் பிழைத்தன என்று நினைத்துவிடக் கூடாது. 1997 பொங்கலுக்கு வந்த மணிரத்னத்தின் இருவர் ஓடவில்லை; அதன் பாட்டுகளை இன்று ரகுமானின் உச்சம் என்கிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊர்ப் பஸ்ஸில் அவற்றைக் கேட்ட நினைவு எனக்கில்லை. அவை ஹெட்ஃபோன்காரர்களின் காதில் பிழைத்தன. டீசல் என்ஜின் இரைச்சல், சந்தைக்குப் போகும் சின்ன வெங்காய மூட்டை, ஜன்னலோரச் சண்டை, இவற்றுக்கு மேலே எழுந்து கேட்க வேண்டுமானால் பாட்டில் குரல் முன்னால் நிற்க வேண்டும், தபேலாவோ தவிலோ தெளிவாக விழ வேண்டும், பல்லவி பாதியில் ஏறியவருக்கும் பிடிபட வேண்டும். எஸ்.ஏ.ராஜ்குமார் பாட்டில் இது எல்லாம் உண்டு. 1996இன் பூவே உனக்காக, 1997இன் சூர்யவம்சம் ஆகியவற்றின் ஒலியமைப்பை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் கொஞ்சம் மெலிவாகத் தெரியும். பஸ்ஸின் பின்சீட்டுக்கு மேலே தொங்கும் பெட்டியில் கேட்டால் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும்.

இன்னொரு காரணம் சண்டை. இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. கோயில் கொடைக்கோ காதுகுத்துக்கோ ரேடியோ செட் கட்டுகிறவர் பிழைக்க வேண்டுமானால் பாட்டால் வம்பு வரக் கூடாது. ரஜினி பாட்டு இரண்டு போட்டால் கமல் ரசிகன் வந்து நிற்பான். விஜயகாந்த் பாட்டு கேட்டு ஒரு கோஷ்டி வரும். தேர்தல் நேரத்தில் எம்.ஜி.ஆர். பாட்டும் கட்சிப் பாட்டாகிவிடும். 1992இல் வந்த தேவர் மகன் படத்தின் ஒரு பாட்டு தென்மாவட்டங்களில் சாதிக் கொடியாகவே பிடிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகவே செட்காரர் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளைத் தாண்டி, சினிமாவுக்குள் நுழையும்போது யாருக்கும் சொந்தமில்லாத பாட்டாகப் பார்த்துப் போடுவார். முரளி பாட்டு. கார்த்திக் பாட்டு. பார்த்திபன், லிவிங்ஸ்டன், ராஜ்கிரண். இவர்களுக்கு ரசிகர்கள் உண்டு, ஆனால் எதிரிகள் கிடையாது. 1997இல் தேவா இசையில் முரளி நடித்த காலமெல்லாம் காதல் வாழ்க, 1996இல் கார்த்திக் நடித்த கோகுலத்தில் சீதை, அதே ஆண்டு சிற்பி இசையில் வந்த சுந்தர புருஷன் எல்லாம் பந்தலுக்குப் பந்தல் ஒலித்ததற்கு அவற்றின் இனிமை பாதிக் காரணம். ஒருவரும் எழுந்து வந்து நிறுத்தச் சொல்ல மாட்டார் என்பது மீதிப் பாதி. முதலிடத்துப் பாட்டுக்கு எப்போதும் ஒரு எதிர்க்கட்சி இருக்கும். ஏழாவது இடத்துக்கு யார் எதிர்க்கட்சி?

சடங்கும் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறது. பாரதிராஜாவின் கிழக்குச் சீமையிலே (1993) படத்தில் தாய்மாமன் சீர் வரிசை கொண்டு வரும் பாட்டு ஒன்று உண்டு. ரகுமானின் சிறந்த பத்தைச் சொல்லச் சொன்னால் நகரத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு வந்து ஊரில் விருந்து வைக்கிற குடும்பம், மாமன் தட்டு வாசலுக்கு வரும்போது அந்தப் பாட்டு இல்லாவிட்டால் செட்காரர் கூலியில் பிடித்துக்கொள்ளும். 1994 பொங்கலுக்கு வந்த மகாநதிக்குத் தேசிய விருது கிடைத்தது, கல்லா பெரிதாக நிரம்பவில்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்துப் பக்கத்துக் கதை, கடைசிவரை மனத்தைப் பிசைகிற படம், இரண்டாம் முறை பார்க்கத் தைரியம் வேண்டும். அதில் சித்ரா பாடிய பொங்கல் பாட்டு மட்டும் படத்தை விட்டுக் கழன்று வந்து, தை பிறந்தால் தானாக ஒலிக்கிறது. நாள்காட்டியில் ஏறிவிட்ட பாட்டுக்குப் பட்டியல் எதற்கு?

இங்கே என் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். டிரைவர், ரெக்கார்டிங் கடை, ரேடியோ செட், டீக்கடை: நான்கு இடத்திலும் ஆண்கள். 'ஊர் தேர்ந்தெடுத்த பாட்டு' என்று நான் சொல்வது நடைமுறையில் ஊர் ஆண்கள் தேர்ந்தெடுத்த பாட்டு. மினி பஸ் பாட்டுகளில் காதல் தோல்வி இவ்வளவு அதிகமாக இருப்பதும், ஏமாற்றியது எப்போதும் பெண்ணாகவே இருப்பதும் அதனால்தான் போலும். பெண்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு வேறு இடத்தில் காது வைக்க வேண்டும். நேயர் விருப்பத்தில் அறிவிப்பாளர் வாசித்த பெயர் வரிசைகளில் பெண் பெயர்கள் நிறைய இருந்தன. ஊர்ப் பெயரோடு தன் பெயரை வானொலியில் கேட்பதற்கு அஞ்சலட்டைக் காசு மட்டும் போதும். முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்திலும் கடலை உரிக்கும் திண்ணையிலும் டிரான்சிஸ்டர் 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுவர்ணலதா, சித்ரா, ஜானகி தனியாகப் பாடிய பாட்டுகள் அங்கேதான் வேர்விட்டன. 1994இன் கருத்தம்மாவுக்காகச் சுவர்ணலதாவுக்குத் தேசிய விருது வந்ததெல்லாம் அந்தத் திண்ணைகளுக்குச் செய்தியாகப் போய்ச் சேர்ந்ததா தெரியாது. அவர் குரலை அவர்கள் தங்கள் குரலாக முனகிக்கொண்டிருந்தார்கள். வேலை செய்யும் பெண் வாய்க்குள் முனகுவதை எந்தப் பட்டியலாலும் எண்ண முடியாது. அந்தக் கணக்கு கிடைத்தால் இந்தக் கட்டுரையையே திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக, மறுபக்கத்துப் பாட்டு முதல் பக்கத்துக்கு வந்த கதை. 1991 தீபாவளி, நவம்பர் 5. ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளியாயின: மணிரத்னத்தின் தளபதி, சந்தானபாரதியின் குணா. ஒன்றில் ரஜினி, மற்றதில் கமல், இரண்டுக்கும் இளையராஜா. தளபதி அடித்துக்கொண்டு போனது. குணா எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. வாலி எழுதி, கமலும் ஜானகியும் பேசியும் பாடியும் கடிதமாகவே கட்டிய பாட்டு ஒன்று குணாவில் உண்டு. அது பிடித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள், ஆனால் பஸ்காரர்களுக்கு அது சரிப்படவில்லை. பாட்டு நடுவில் பேச்சு வந்தால் டேப் சிக்கிக்கொண்டதோ என்று டிரைவர் திரும்பிப் பார்ப்பார். படப்பிடிப்பு நடந்த கொடைக்கானல் குகைக்குக் 'குணா குகை' என்று பெயர் வந்தது, படத்தைவிடப் பெயர் நீடித்தது. 2024 பிப்ரவரியில் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வந்து, அந்தக் குகைக்குள் விழுந்த நண்பனை மேலே தூக்குகிற நேரத்தில் அந்தப் பாட்டைப் போட்டது. குணா வந்தபோது பிறக்காத பையன்கள் திரையரங்கில் கத்தினார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு மொழிக்காரர்கள் நாடாவைத் திருப்பிப் போட்டார்கள்.

அதைக் கொண்டாடுகிறேன், ஆனால் கொஞ்சம் உறுத்தலும் உண்டு. குணா பாட்டுக்கு இளையராஜா பெயர் இருந்தது, கமல் பெயர் இருந்தது, எடுத்துக் கொடுக்க ஓர் இயக்குநர் கிடைத்தார். சிந்துநதிப் பூவுக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்? அதைச் சுமந்தவர்கள் டிரைவர்கள் மட்டும்தான். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்தன, கூம்புக் குழாய்கள் இறங்கின, ரெக்கார்டிங் சென்டர்கள் முதலில் சி.டி. கடையாகி, பிறகு செல்போன் ரீசார்ஜ் கடையாகின.

இப்போது பஸ்ஸில் பென்டிரைவ். அதையும் செல்போன் கடையில்தான் பாட்டேற்றி விற்கிறார்கள், பழைய ரெக்கார்டிங் சென்டரின் பேரன்போல. மிச்ச இடம் என்ற பேச்சே இல்லை; ஆயிரம் பாட்டு போட்டாலும் காலி இருக்கும். போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பிளேயர் பாட்டுகளை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தது. வண்டியை எடுக்கும்போதெல்லாம் 001 என்று திரையில் எரிந்து, எழுத்துக் கூட்டலில் முதலாவதாக வந்த ஏதோ ஒரு பாட்டு ஆரம்பிக்கும். அதன் பல்லவி முடியும் முன்பே டிரைவர் பொத்தானை அழுத்தி அழுத்தி நானூற்றுச் சொச்சத்துக்குப் போய்விடுவார். தேவா பாட ஆரம்பிப்பார். 001 என்ன பாட்டு என்று கேட்டேன். 'யாருக்குத் தெரியும் சார், ஒரு நாளும் முழுசா கேட்டதில்ல' என்றார்.